வாசகர் கேள்வி – பதில்: மதியத்தில் தளரும் பொக்லைன்

கேள்வி: என்னிடம் 20 டன் பொக்லைன் ஒன்று உள்ளது. 2009-இல் வாங்கியது, 13,000 மணி நேரம் ஓடிவிட்டது. காலையில் நன்றாக வேலை செய்யும் வண்டி, பதினொரு மணிக்கு மேல் பூமை (முன்னால் நீளும் பெரிய கையை) தூக்கவே திணறுகிறது. ஹைட்ராலிக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மெயின் பம்பை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? (துறையூர் வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். பம்பு தேய்ந்திருக்கலாம், ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதன் மீது பழிபோடக் கூடாது. குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும் ஹைட்ராலிக் ஆயில், சூடேறியதும் நீர்த்துப்போய், தேய்ந்த பாகங்களின் இடுக்கு வழியாக உள்ளுக்குள்ளேயே கசிந்து டேங்குக்குத் திரும்பிவிடுகிறது. சிலிண்டருக்குப் போக வேண்டிய ஆயில் அந்த அளவுக்குக் குறைகிறது. இப்படிக் கசியும் இடம் பம்பாக இருக்கலாம், கன்ட்ரோல் வால்வாகவோ பூம் சிலிண்டரின் சீலாகவோகூட இருக்கலாம். ஆயில் குளிராமல் போவதே கோளாறாகவும் இருக்கலாம்.

வண்டி நன்றாகச் சூடேறிய பிறகே சோதனையைத் தொடங்குங்கள். முழுச் சுமையுடன் பூமைத் தூக்கும்போது எஞ்சின் அடங்கிக் கரும்புகை கக்கினால், முதலில் டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் டர்போவையும் பாருங்கள். எஞ்சின் சுற்று குறையாமல் பூம் மட்டும் மெதுவாக ஏறினால், கோளாறு பெரும்பாலும் ஹைட்ராலிக் பக்கம்தான். அடுத்து, தளர்வது பூம் மட்டுமா, ஆர்ம் (பூமின் நுனியில் இணைந்த கை), பக்கெட், ஸ்விங் (மேல்பகுதி சுழல்வது) எல்லாமுமா என்று கவனியுங்கள். பூம் மட்டும் என்றால் அதன் சிலிண்டரும் வால்வும்தான் சந்தேகத்துக்குரியவை. எல்லாமே தளர்ந்தால்தான் பம்பு, பைலட் அழுத்தம் (லீவர் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் சிறிய ஆயில் அழுத்தம்), சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் (பம்பு ஆயிலை உறிஞ்சும் வழியில் உள்ள சல்லடை), ஆயில் கூலர் என்று போக வேண்டும்.

பம்பைக் கழற்றாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. இந்த அளவு வண்டிகளில் பொதுவாக இரட்டைப் பம்பு இருக்கும். ஒன்று இடப்பக்கச் செயினுக்கும் மற்றது வலப்பக்கச் செயினுக்கும் ஆயில் கொடுக்கும். சமதரையில், வண்டியை நகர்த்தும் இரண்டு டிராவல் லீவரையும் ஒன்றாக முழுக்கத் தள்ளுங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, பம்பின் இரண்டு டெலிவரி ஓஸ்களையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். இப்போது மறுபக்கம் இழுத்தால் பம்புதான் காரணம். பழைய பக்கமே இழுத்தால் பம்புக்கு அப்பால் தேட வேண்டும். இரண்டு பம்பும் சம அளவில் தேய்ந்திருந்தால் இந்தச் சோதனையில் அகப்படாது. அப்போது அழுத்தத்தையும் ஆயில் ஓட்டத்தையும் கருவி வைத்து அளக்க வேண்டும்.

டேங்குக்குத் திரும்பும் ஆயிலை வடிகட்டும் பழைய ரிட்டர்ன் ஃபில்டரை எறியாமல் அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். பித்தளை நிறத்தில் மின்னும் துகள்கள் இருந்தால் பம்போ மோட்டாரோ தேய்கிறது என்று பொருள். கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் இருந்தால் எங்கோ சீல் பிய்ந்திருக்கிறது. பித்தளைத் துகள் மிகுந்திருந்து, பம்பை மாற்றுவதாகவே முடிவானாலும், டேங்கையும் லைன்களையும் கூலரையும் கழுவாமல் புதிய பம்பை மாட்டாதீர்கள்; அந்தத் துகள்களே அதையும் தின்றுவிடும்.

கல்குவாரி ஒன்றில் நான் பார்த்த வண்டிக்குக் கடன் வாங்கிப் பம்பு மாற்றியிருந்தார்கள். மதியமானால் அதே தளர்ச்சி. ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தோம். எண்ணெய் கலந்த கல்தூசி கம்பளி போல அப்பியிருந்தது, காற்று நுழைய வழியே இல்லை. அதைச் சுரண்டி எடுத்துக் கழுவ அரைநாள் ஆயிற்று. தளர்ச்சியும் அத்துடன் போயிற்று.

ஒருவேளை உதிரிபாகம் வாங்கப் போனால், வண்டியின் பெயர்ப்பலகையில் உள்ள மாடலையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். பொக்லைன் என்பது பிரெஞ்சு நிறுவனமொன்றின் பெயர். நாம் யார் செய்த வண்டியையும் அப்படியே அழைக்கிறோம். அந்தப் பெயரை மட்டும் சொன்னால் கடைக்காரர் எந்த சீல் கிட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்?

கேள்வி: எங்கள் பழைய ஜேசிபியில் ஹைட்ராலிக் ஆயில் மோர் போல வெளுத்திருக்கிறது. (ஒட்டன்சத்திரம் வாசகர்)

பதில்: தண்ணீர் கலந்துவிட்டது. டேங்க் மூடியின் ரப்பர், பிரீதர் (டேங்குக்குள் காற்று போய்வரும் வழி), கீறல் விழுந்த சிலிண்டர் ராடு ஆகிய மூன்றையும் பாருங்கள். பிரஷர் வாட்டர் சர்வீஸின்போது பிரீதர் மீது நேராகப் பீய்ச்சுவதும் காரணமாகும். இந்த நிலைக்கு வந்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும், வடிகட்டித் திரும்ப ஊற்றுவதில் பயனில்லை.

கேள்வி: ஓஸில் எங்கே கசிகிறது என்று எங்கள் டிரைவர் கையால் தடவிப் பார்க்கிறார். சரியா? (பல்லடம் வாசகர்)

பதில்: இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இவ்வகை வண்டிகளின் லைனில் அழுத்தம் 200 பாருக்கு மேல் இருக்கும், பொக்லைனில் 300-ஐயும் தாண்டும். ஊசித் துளையிலிருந்து பாயும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் போதும், ஈரம் படும் இடம் தெரிந்துவிடும். ஓஸைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து, டேங்க் மூடியை மெல்லத் திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். ஆயில் தோலுக்குள் ஏறிவிட்டால், காயம் எறும்புக்கடி அளவில் இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், உள்ளே ஏறியிருப்பது ஹைட்ராலிக் ஆயில் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.