அப்பா அம்மாவோடு ஜப்பான்: பாளையங்கோட்டைத் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மார்ச் கடைசியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு எட்டு நாள் ஜப்பான் வருகிறீர்கள். டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா என்று ஆறு ஊர் போட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். ரயில் பாஸ் எடுக்கலாமா, சாப்பாட்டுக்கு என்ன வழி, பெட்டியில் என்ன வைக்க வேண்டும்? "அண்ணாச்சி, நீங்க அங்கேயே குடியிருக்கிற ஆளு, பாத்துச் சொல்லுங்க" என்று முடித்திருந்தீர்கள்.

முதல் வேலையாக ஹிரோஷிமாவையும் ஹகோனேயையும் அடித்துவிடுங்கள். இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எட்டு நாளில் ஆறு ஊர் உங்கள் வயதுக்குச் சரி, அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது. ஜப்பானில் எங்கே போவதென்றாலும் ரயில், ரயில் என்றாலே நடை. டோக்கியோவின் ஷிஞ்சுகு மாதிரி ஸ்டேஷனில் ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாறுவதற்குள் நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் பிளாட்பாரத்தை நாலு தடவை அளந்த மாதிரி ஆகிவிடும். லிப்ட் இருக்கும், ஆனால் அது எங்கேயோ ஒரு கோடியில் இருக்கும். டோக்கியோவில் நாலு ராத்திரி, கியோட்டோவில் மூன்று ராத்திரி, அவ்வளவுதான் தங்கல். நாராவும் ஒசாகாவும் கியோட்டோவிலிருந்து காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரம். கியோட்டோ ஃபுஷிமி இனாரி கோயிலில் சிவப்பு வாசல்கள் வரிசையாக மலை உச்சி வரை போகும். அடிவாரத்தில் கொஞ்ச தூரம் நடந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பினாலே போதும். மேலே போனாலும் அதே வாசல்கள்தான்.

டிக்கெட் எடுக்கும்போது டோக்கியோவில் இறங்கி ஒசாகாவில் ஏறுகிற மாதிரி எடுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்தால் இரண்டுக்கும் விமானம் உண்டு. அப்படி எடுத்துவிட்டால் புல்லட் ரயில் ஒரு வழிக்கு மட்டும் போதும். டோக்கியோ - கியோட்டோ ஆளுக்குச் சுமார் 14,000 யென். நாடு முழுக்கச் செல்லுபடியாகிற ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபர் வரை 29,650 யென்னாக இருந்தது, பிறகு ஒரேயடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். அதுவும் போக, புல்லட் ரயில்களில் மிக வேகமான நொசோமியில் ஏறத் தனிக் காசு. பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னமும் பாஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் வாங்க வேண்டாம்.

புல்லட் ரயிலில் சீட்டு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பக்கம் ஏ, பி, சி என்று மூன்று, மறுபக்கம் டி, இ என்று இரண்டு. அப்பா அம்மாவுக்கு டி, இ போட்டு, நடைபாதைக்கு இந்தப்பக்கம் சி-யில் நீங்கள் உட்காருங்கள். டோக்கியோவை விட்டுக் கிளம்பி முக்கால் மணி நேரத்தில் இ பக்கத்து ஜன்னலில் ஃபூஜி மலை வரும், மேகம் விட்டால். ஃபூஜி தெரிகிற ஹகோனேயை விட்ட குறை பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் வருகிற பெட்டிக்கு, கடைசி வரிசையில் அதற்கென்று உள்ள சீட்டை முன்பதிவு செய்திருக்க வேண்டும். நம் ஆட்கள் கொண்டுவருகிற பெரிய பெட்டி அதைத் தாண்டிவிட வாய்ப்புண்டு. அதைவிட நல்ல வழி, டோக்கியோ ஹோட்டல் வரவேற்பிலேயே பெட்டியைக் கொடுத்துக் கியோட்டோ ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவது. பெட்டிக்குச் சுமார் 3,000 யென் ஆகும், மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு ராத்திரிக்கான துணியும் அப்பாவின் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும்.

இனி சாப்பாடு. மொழி, குளிர் எல்லாம் சமாளித்துவிடலாம், அம்மாவுக்கு இதுதான் கஷ்டம். இங்கே காய்கறி மட்டும் போட்டது என்று சொல்லித் தருவதிலும் மீன் சாறு இருக்கும். தாஷி என்று பெயர், பெரும்பாலும் உலர்ந்த மீனைச் சீவிப்போட்டு எடுப்பது. சூப், நூடுல்ஸ் குழம்பு, பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்கிற சாறு, அவித்த பூசணிக்காய் என்று எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடும். யாரும் ஏமாற்றுவதில்லை, அவர்கள் கணக்கில் அது அசைவமே இல்லை. 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். இறைச்சி, மீன், தாஷி, முட்டை நான்கும் கூடாது என்று ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

அம்மாவைக் காப்பாற்றப் போவது தயிர்சாதம்தான். செவன் லெவன் மாதிரி கடைகளில் வெந்த வெள்ளைச் சோறு 200 கிராம் டப்பாவில் கிடைக்கும். மேல்தாளின் ஒரு மூலையைக் கோடு போட்ட இடம் வரைக்கும் கிழித்து, மைக்ரோவேவில் இரண்டு நிமிஷம் வைத்தால் ஆவி பறக்க வந்துவிடும். ஹோட்டலில் மைக்ரோவேவ் இல்லாவிட்டால் அந்தக் கடையிலேயே சூடாக்கித் தருவார்கள். பக்கத்திலேயே தயிர் இருக்கும். சர்க்கரை சேர்க்காத பெரிய டப்பாவாகப் பார்த்து எடுங்கள். சின்ன கப்புகளில் சிலவற்றில் விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் உண்டு, போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அரிசி கொஞ்சம் பிசுபிசுப்பானது, அது தயிருக்கு நல்லதாகவே போயிற்று. ஊரிலிருந்து நாரத்தங்காய், வறுத்த மோர்மிளகாய், புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி எடுத்து வாருங்கள். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், இறைச்சி ஊறுகாய் எதுவும் வேண்டாம், விமான நிலையத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள். டோக்கியோவில் இருக்கும்போது நிஷி-கசாய் பக்கம் ஒரு வேளை போய்விடுங்கள். இந்தியர்கள் நிறைய குடியிருக்கிற இடம், தோசை கிடைக்கும்.

அம்மா கண்டிப்பாகக் குக்கரைத் தூக்கி வைக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம்ம ஊர் 230 வோல்ட் குக்கரோ கெட்டிலோ ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடக் கொடுக்காது. போன் சார்ஜர் வேலை செய்யும், தட்டையான இரண்டு பின் அடாப்டர் மட்டும் வேண்டும்.

அப்பாவின் மாத்திரைகள் ஒரு மாத அளவுக்குள் இருந்தால் தனி அனுமதி தேவையில்லை. அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டு வாருங்கள். இன்சுலின் பேனாவுக்கும் ஒரு மாதக் கணக்குதான். கோடின் கலந்த இருமல் மருந்து, சூடோஎஃபெட்ரின் உள்ள ஜலதோஷ மாத்திரை இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இந்த விஷயத்தில் இங்கே ரொம்பக் கறார். தெருவுக்குத் தெரு நிற்கிற தானியங்கி இயந்திரங்களில் சர்க்கரை இல்லாத டீ பாட்டில் உண்டு. விலைக்குக் கீழே சிவப்புப் பட்டை இருந்தால் சூடு, நீலம் இருந்தால் குளிர்ச்சி. மார்ச் காலைக் குளிரில் அப்பா அதைக் கையில் பிடித்துக்கொண்டே நடப்பார், பாருங்கள்.

நீங்கள் கேட்கத் தயங்கியதையும் சொல்லிவிடுகிறேன். கக்கூஸில் தண்ணீர் உண்டு. பெரும்பாலான இடங்களில் பொத்தானை அழுத்தினால் வெந்நீரே வரும். சதுரம் போட்ட பொத்தான் நிறுத்துவதற்கு, அதை மட்டும் இருவருக்கும் முதலிலேயே காட்டிவிடுங்கள். வெந்நீர் ஊற்றுக் குளியல் வேறு சங்கதி. குற்றாலத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிற நமக்கு, ஒட்டுத்துணி இல்லாமல் முன்பின் தெரியாதவர்களோடு தொட்டியில் இறங்குவது நடக்காது. ஆணும் பெண்ணும் தனித்தனிதான், இருந்தாலும் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். ஆஷியு என்று கால் மட்டும் நனைக்கிற தொட்டிகள் இருக்கின்றன, கியோட்டோ அராஷியாமா டிராம் ஸ்டேஷனிலேயே ஒன்று உண்டு. வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

அப்புறம், கழற்றி மாட்ட லேசான செருப்போ ஷூவோ, ஓட்டையில்லாத சாக்ஸ். பணம் ஏற்றி வாசலில் தட்டிவிட்டு நுழைகிற ரயில் கார்டு ஆளுக்கு ஒன்று, ஒரே கார்டில் மூன்று பேர் நுழைய முடியாது. ரயிலுக்குள் அப்பா போனில் சத்தமாகப் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குப்பைத்தொட்டி தெருவில் கிடைக்காது, ஒரு பிளாஸ்டிக் பை வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 119, போலீஸுக்கு 110.

விசா கைக்கு வந்ததும் விசிட் ஜப்பான் வெப் தளத்தில் மூன்று பேருக்கும் குடியேற்ற, சுங்க விவரம் ஏற்றி, க்யூஆர் கோடைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், இறங்கினவுடன் நிற்கிற நேரம் குறையும். எனக்கு அல்வா எல்லாம் வேண்டாம். பெட்டியில் இடமிருந்தால் கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு, உடையாமல்.