கன்னித் தெய்வம் என்றால் என்ன? இளவயதில் இறந்த பெண்ணை வீட்டில் ஏன் வணங்குகிறார்கள்?

மணமாகும் முன்பே இறந்துபோன மகளையோ சகோதரியையோ குடும்பமே தெய்வமாக வைத்துக் கும்பிடுவதுதான் கன்னித் தெய்வ வழிபாடு. தமிழகத்தின் தென் மாவட்டங்களில் சில வீடுகளில் அவளுக்கென ஓர் ஓலைப்பெட்டி இருக்கும்; உள்ளே பாவாடை, சட்டை, வளையல். ஆண்டுக்கொருமுறை புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். பழையதை வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி உடுத்திக்கொள்வதும் உண்டு.

முதியவருக்குத் திதி கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சிறுமிக்கு யார்? அந்தப் பொறுப்பைக் குடும்பம் முழுவதும் ஏற்றுக்கொள்கிறது. வெளியூரில் படிக்கும் மகளுக்கும் சேர்த்துத் தீபாவளித் துணி எடுப்பதைப் போலத்தான். துக்கத்துக்கு ஒரு வேலை கொடுக்கும் ஏற்பாடு என்பேன்; அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கடையில் நின்று யோசிக்கத் தாய்க்கு ஒரு நாள் கிடைக்கிறது.

ஆவிக்குப் பயந்து செய்வது என்று பலர் நினைக்கிறார்கள்; அச்சமும் கலந்திருக்கலாம், ஆனால் வீட்டில் நல்ல காரியம் என்றால் அவளையும் கும்பிட்டுத் தொடங்குவது உறவினால்தான்.