தாழ்வான வண்டியும் ஊர் வேகத்தடையும்

பட்டறைக்கு வருகிறவர்களில் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் குறைவு. கேள்வி கேட்கிறவர்களில் அவர்கள்தான் அதிகம். அதிலும் வாங்கியவர்களை விட, வாங்கலாமா என்று ராத்திரி முழுக்க போனில் படம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நானும் அந்த ஆசையில் விழுந்தவன்தான். எட்டு வருடமாக இரண்டு சீட் வண்டி ஒன்றில் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்குத் தினமும் போய் வருகிறேன். அந்தத் துணிச்சலில் இந்தத் தடவை முழுக்க இதே விஷயம்: வாசகர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக் கடைக்குத் தினமும் போய் வர வேண்டும். பழைய ஃபோர்டு மஸ்டாங் ஒன்றின் மேல் கண். நண்பர்களோ ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போதும் என்கிறார்கள். எது வாங்கலாம்?

நான் நண்பர்கள் பக்கம்.

மஸ்டாங் 2016இல் இங்கே வந்தது. 5 லிட்டர் வி8 எஞ்சின், 401 குதிரைத்திறன். ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், மறுக்கவில்லை. ஆனால் அது முழுக்க இறக்குமதி வண்டி. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021இல் அறிவித்துவிட்டது. ஒரு சின்ன சாமான் வர மூன்று வாரம் ஆனால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டிக்குப் பரவாயில்லை. தினமும் கடை திறக்கப் போகிறவருக்கு அது மூன்று வாரம் பஸ்.

ஆக்டேவியா ஆர்எஸ் 2017இல் 230 குதிரைத்திறனோடு வந்தது. 2020இல் 245 குதிரைத்திறனில் 200 வண்டிகள் மட்டும் வந்தன. நான்கு கதவு, பெரிய டிக்கி. அதன் 2 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் வேறு ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் உறவுக்கார எஞ்சின்கள் இருக்கின்றன. கை பழகிய மெக்கானிக் கிடைப்பார். 230 வண்டியில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ். ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது தானே கியர் மாற்றும் வகை, எண்ணெயில் நனைந்த இரட்டை கிளட்ச். 60,000 கி.மீ.க்கு ஒரு தடவை அதன் ஆயில் மாற்ற வேண்டும். மாற்றிய பில்லைக் கேளுங்கள். "மாற்றியாச்சு சார்" என்ற வாய்ச்சொல் பில் ஆகாது. ஓட்டிப் பார்க்கும்போது எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டித் தெருவில் போவது போல ஊர்ந்து ஓட்டுங்கள். அப்புறம் மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். உதறினால் விலையைக் குறைக்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கையால் கியர் போட்டு ஓட்டினால்தான் திருப்தி என்றால் ஃபியட்டின் அபார்த் புன்டோ இருக்கிறது. 145 குதிரைத்திறன்தான், ஆனால் ஓட்டுகிறவனைச் சிரிக்க வைக்கும். ஃபியட் இங்கே கார் விற்பதை விட்டுவிட்டதால் சாமான் தேடுவது உங்கள் பொழுதுபோக்காகிவிடும், அவ்வளவுதான்.

எந்த வண்டியானாலும் முதலில் கேட்க வேண்டியது, அதன் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரும் வண்டியைத் தூக்கும் லிஃப்டும் எங்கே இருக்கின்றன என்பது. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஆளுக்கு ஏறத்தாழ 90 கி.மீ. ரிக்கவரி வண்டியில் ஏற்றினால் அந்தத் தூரம் காசாகத் தெரியும். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதிக்கு வண்டி தேடுங்கள். முதல் வருடம் அது தேவைப்படும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மழை தூறிக்கொண்டிருந்தது, லிஃப்டில் இன்னொரு வண்டி நின்றது. "அடியில் என்ன இருக்கப் போகிறது?" என்று மேலோட்டமாகப் பார்த்தே அட்வான்ஸ் கொடுத்தேன். அடித்தட்டைக் கழற்றியபோது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிந்து ஊறிக் கிடந்தது. விற்றவர் அதற்கு முன்பு வைத்த பெயர், மழை ஈரம். கியர்பாக்ஸை இறக்கினால்தான் சரி செய்ய முடியும். பட்டறைக்காரனுக்கே இந்தக் கதி.

எங்கள் ஊர் நுழைவில் மூன்று வேகத்தடை. தரை இடைவெளி 11 செ.மீ. உள்ள வண்டி ஏறி இறங்குமா? — ஆத்தங்குடி

வேகத்தடையைப் பொறுத்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கணக்கே இருக்கிறது.

சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், மெதுவாக வளைந்து ஏறி இறங்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள வண்டி அதன் உச்சியில் நிற்கும்போது, நான்கு சக்கரமும் மேட்டின் சரிவிலேயே இருக்கும். சக்கர மட்டத்துக்கு மேலே வயிற்றை நோக்கி எழும்புவது 5 செ.மீ.தான். உங்கள் 11 செ.மீ. தாராளம்.

நம் ஊரில் போடுவது வேறு. கூடிப் பேசி ஒரு டிராக்டர் ஜல்லியைக் கொட்டி, முக்கால் மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்கு அணை கட்டிவிடுகிறார்கள். இரண்டு பக்கச் சக்கரமும் சமதரையில் நிற்க, நடுவில் 15 செ.மீ. முட்டும். உயரத்தோடு ஒல்லியாகவும் இருக்கும் தடைதான் தாழ்வான வண்டிக்கு எமன்.

ஆகவே வண்டி வாங்கும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தினமும் போகும் வழியை அளந்து வாருங்கள். ஊரார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். குறுக்கே சாய்வாக ஏறினால் ஒவ்வொரு சக்கரமாக ஏறும், ஓரளவு தப்பலாம். அதற்கு எதிரே பஸ் வராமல் இருக்க வேண்டும். அளக்கும்போது பம்பரை மட்டும் பார்க்காதீர்கள். பல வண்டிகளில் தரைக்கு மிக அருகே இருப்பது சைலன்சர் குழாய்தான். அளவும் இருவர் உட்கார்ந்து, டேங்க் நிறைந்த நிலையில் எடுத்ததாக இருக்கட்டும்.

எங்கள் தெரு முனைத் தடையைச் சரி செய்யச் சொல்லி நான் மனு கொடுத்தேன். அதன் மேல் வெள்ளைக் கோடு போட்டுத் தந்தார்கள்.

சிங்கப்பூரில் பத்து வருடமாக ஓட்டிய போர்ஷே. அங்கே கார் வைத்திருக்கத் தரும் அனுமதியான சி.ஓ.இ. முடியப் போகிறது. அங்கே கழித்துக் கட்டுவதற்குப் பதில் கண்டனூர் வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?

முடியாது. இந்தக் கேள்வி வருடம் இரண்டு தடவையாவது வருகிறது. கடல் தாண்டிச் சம்பாதித்து பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கொண்டுவந்து வீடு கட்டிய ஊர்க்காரர்களுக்கு, ஒரு காரைக் கொண்டுவர முடியாது என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

சி.ஓ.இ. பத்து வருடம். இந்திய விதியோ, இறக்குமதியாகும் பழைய கார் தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்கிறது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பது ஒன்றுதான் உங்களுக்குச் சாதகம். மூன்று வருடத்துக்கு உட்பட்ட வண்டியானாலும் வரிகள் எல்லாம் சேர்ந்து வண்டி விலையையே தாண்டும்.

"நான் கொண்டுவந்து தருகிறேன்" என்று ஒருவர் வந்தால் எழுந்து போய்விடுங்கள். கார்னே என்ற அனுமதியில் வரும் வண்டி சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியது, இங்கே விற்கக் கூடாது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை பெரிய சோதனை நடத்தியது நினைவிருக்கும். பூட்டான் வழியாகக் கடத்தி, போலிக் காகிதங்களில் பதிவு செய்ததாகச் சொல்லப்பட்ட கார்களைத் தேடித்தான் அந்தச் சோதனை. வண்டியை நல்ல விலை கொடுத்து வாங்கியவர் வீட்டு வாசலில்தான் ஜீப் வந்து நிற்கும்.

டெல்லி வண்டி, 13 வருடப் பழசு, பெட்ரோல். இங்கே விற்கும் விலையில் பாதிக்குச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

அங்கே ஏன் மலிவு என்பது தெரிந்து வாங்கினால் வாங்கலாம். தலைநகர்ப் பகுதியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்கும் 10 வருடம் தாண்டிய டீசல் காருக்கும் தடை வந்த பிறகு, வயதான வண்டியை முன்கூட்டியே தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

இங்கே வந்தால் ஓடும். ஆனால் ஆர்.சி.யின் ஆயுளும் 15 வருடம்தான். இன்னும் இரண்டு வருடத்தில் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் ஐந்தைந்து வருடமாக. 2022இல் வந்த விதிப்படி சாதாரண காருக்குப் புதுப்பிக்க 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000. வண்டி 20 வருடம் தாண்டினால் 2025 முதல் இரண்டுமே இரட்டிப்பு.

காகிதங்களில் முதலாவது, பழைய ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, படிவம் 28. பெயர் மாற்றத்துக்கு 29, 30. லோன் இருந்திருந்தால் வங்கி கையெழுத்துப் போட்ட 35. நம் மாவட்ட டிஎன் 63 எண் வாங்கும்போது தமிழ்நாட்டு ஆயுள் வரி, வண்டியின் வயதுக்குத் தக்கபடி, மறுபடி கட்ட வேண்டும். பாதி விலைக் கணக்கில் இதை யாரும் சேர்ப்பதில்லை. டெல்லி எண்ணோடே ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் எண் மாற்றியாக வேண்டும், சட்டம் அதுதான். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் குனிந்து, நீங்களே எழுத்து எழுத்தாகப் படித்து ஒப்பிடுங்கள்.

அங்கிருந்தானாலும் சரி, 2015, 2023 வெள்ளம் பார்த்த சென்னையிலிருந்தானாலும் சரி, சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவிப் பாலிஷ் போடுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி அரை அடியை மறந்துவிடுவார்கள். சேற்றுக் கோடு அங்கே இருக்கும்.

அப்பத்தாவுக்கு 78 வயது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி இறங்க முடியுமா? — கோட்டையூர்

ஏறுவார். முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இறங்குவதுதான் பாடு. குன்றக்குடிக்கு ஒரு தடவை அழைத்துப் போய் வந்தால் அவரே தீர்ப்புச் சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் சொன்ன தீர்ப்பை இங்கே எழுத முடியாது.

நான் சென்னையில். வண்டி பள்ளத்தூர் வீட்டில். மாதம் ஒரு தடவை வந்து எடுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை.

தினமும் ஓட்டுகிறவனை விட உங்களுக்குத்தான் செலவு அதிகம் வரும்.

பூட்டிய வண்டியிலும் அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 24 மணி, 30 நாள். மொத்தம் 36 ஆம்பியர் மணி. உங்கள் 70 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி போயிற்று. இரண்டு தடவை இப்படி வற்றினால் பேட்டரியின் உயிரே குறையும். வீட்டுக் கரண்டில் செருகி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டிருக்கும் தானியங்கி டிரிக்கிள் சார்ஜர் வாங்குங்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் கொடுத்து, 1953இல் சிக்ரி மின்வேதியியல் ஆய்வகம் திறந்த காரைக்குடிப் பக்கத்தில் பேட்டரி செத்துக் கிடப்பது நமக்கு அழகல்ல.

பெட்ரோல் அடுத்தது. இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடுகிற வண்டியில் அது எரிந்து தீர்ந்துவிடும், நிற்கிற வண்டியில் டேங்கிலேயே கிடக்கும். 2023க்கு முந்தைய வண்டியானால் பெட்ரோல் மூடிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள், எவ்வளவு எத்தனால் தாங்கும் என்று இருக்கும். 20 சதவீதத்தைத் தாங்காத வண்டியானால் பழைய ரப்பர் குழாய்களை மாற்றுங்கள்.

எலியைச் சொல்லவே வேண்டாம். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டின் இரண்டாங்கட்டில் எலிக்கு உங்கள் வண்டி ஒரு சத்திரம். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். இருட்டும் வெதுவெதுப்பும் இல்லாத இடத்தில் அது கூடு கட்டத் தயங்கும். அதைவிட நல்லது, வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு ஓட்டத் தெரிந்தால் வாரம் ஒரு தடவை புதுவயல் வரை போய் வரச் சொல்வது. நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் வைப்பதால் பிரயோஜனமில்லை.

19 அங்குல ரிம் இரண்டு தடவை வளைந்துவிட்டது. — திருமயம்

டயர் 255/35 என்று எழுதியிருந்தீர்கள், அதாவது 255 மி.மீ. அகலம், அதில் 35 சதவீதம் பக்க உயரம். ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் 89 மி.மீ.தான். 18 அங்குல ரிம்மில் 255/40 போட்டால் 102, 17 அங்குலத்தில் 255/45 போட்டால் 115. மூன்றிலும் சக்கரத்தின் மொத்த விட்டம் ஒன்றே, 661 மி.மீ. ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது, வண்டியும் தாழாது. 17 அங்குலம் பிரேக் தட்டைப் பிடிக்கும் உங்கள் காலிப்பரைச் சுற்றி உட்காருமா என்று போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உட்காராவிட்டால் 18. பார்க்க அழகு குறையும் என்று பையன் சொல்வான். வளைந்த ரிம்மின் பில்லை அவனிடம் கொடுங்கள்.

சைலன்சர் மாற்றினால் சத்தம் நன்றாக வருமாமே?

வரும். வழக்கும் வரும். வேண்டாம்.

விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் எனக்கு வருமா?

வராது. இன்சூரன்ஸில் காசு கேட்காதவருக்குத் தரும் தள்ளுபடி அது. ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கல்ல. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அதற்குள் மாற்றாமல் வண்டி இடித்தால், உங்கள் வண்டியின் சேதத்துக்குக் காசு கேட்க முடியாது.

அறுவடை நேரத்தில் ரோட்டில் வைக்கோல் காயப் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஓட்டி வந்த பிறகு கருகல் வாடை. ஏதும் ஆபத்தா? — சாக்கோட்டை

ஆமாம். உடனே நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடியில் வைக்கோல் தட்டாமல் போய்விடும். உங்கள் வண்டிக்குச் சூடான குழாய் தரையிலிருந்து ஒரு சாண் கூட இல்லை. வைக்கோல் அதில் சுற்றிக்கொண்டால் பற்றிக்கொள்ளும். வைக்கோல் பரப்பிய இடம் தெரிந்தால் ஓரமாக விலகிப் போங்கள். வழியில்லையென்றால், தாண்டியதும் எஞ்சினை அணைத்து, கீழே குனிந்து பார்த்து இழுத்துப் போடுங்கள். கை வைக்க வேண்டாம், சுடும். தை, மாசியில் என் டிக்கியில் குடையோடு ஒரு நீளக் கம்பிக் கொக்கியும் கிடக்கும்.