கிறிஸ்தவம் போதிப்பதும் சோசலிசமும் ஒன்றுதானா?

‘தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் இருக்கும் எங்களுக்கு ஃபாதர் சொல்வதும் தொழிற்சங்கத் தலைவர் சொல்வதும் ஒன்றுபோலவே கேட்கிறதே, இரண்டும் ஒன்றா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றல்ல. ஆனால் உங்கள் காது பொய் சொல்லவில்லை.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தை எடுங்கள். திராட்சைத் தோட்டத்துக்குச் சாயங்காலம் வந்தவனுக்கும் காலையிலிருந்து வெயிலில் நின்றவனுக்கும் ஒரே தெனாரியம், அதாவது ஒரு நாள் கூலி. நம் பாஷையில் சொன்னால், பறித்த கொழுந்து குறைந்தவர்களுக்கும் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடாமல் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) போட்ட தோட்டத் துரை! அந்த உவமை இறைவனின் தாராளத்தைப் பற்றியது, சம்பளச் சட்டம் அல்ல. இருந்தாலும் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அது வெறும் உவமையாகப் படாது.

திருத்தூதர் பணிகள் 2:44-45இல் ஆதிச் சபையார் உடைமைகளைப் பொதுவில் வைத்தார்கள். ஆனால் 5:4இல் பேதுரு, நிலத்தை விற்று விலையில் ஒரு பகுதியை மறைத்த அனனியாவிடம், நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது என்கிறார். அதாவது பகிர்வு மனமுவந்தது. சோசலிசம் கேட்பதோ உற்பத்திச் சாதனங்களையே சமூக உடைமையாக்குவது. பிரிவு இங்கேதான்.

1891இல் பாப்பரசர் 13ஆம் லியோ தன் சுற்றுமடலில் சோசலிசத்தை மறுத்தார்; அதே மடலில் நியாயக் கூலியையும் தொழிலாளர் சங்கங்களையும் ஆதரித்தார். இந்த இரண்டாவது பாதியைப் பிரசங்கத்தில் அவ்வளவாகக் கேட்டதில்லை, அது என் மனக்குறை.

அப்புறம், நம் இலங்கை மலையகத்திலேயே இரண்டையும் நெருக்கிப் பார்த்தவர் உண்டு: இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ நிறுவனத்தைத் தொடங்கித் தோட்டத் தமிழரின் உரிமைக்காக உழைத்தார்.