வாசகர் கேள்வி-பதில்: குப்பி முனையில் ஒரு சொட்டு

கேள்வி: மூன்று ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த, வாயு அழுத்தத்தால் குண்டைச் செலுத்தும் என் கேஸ் பிஸ்டலில் புதிய 12 கிராம் வாயுக் குப்பியைப் போட்டுத் திருகினேன். ஒரு குண்டுகூடச் சுடுவதற்குள் வாயு முழுவதும் சீறிக்கொண்டு வெளியேறிவிட்டது. வாயுவை அடைக்கும் சீல் கிழிந்துவிட்டதா?

பதில்: கிழிந்திருக்க வேண்டும் என்பதில்லை; காய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். குப்பிக்குள் இருப்பது திரவ நிலையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. 20 டிகிரி செல்சியசில் அதன் அழுத்தம் சுமார் 57 பார், அதாவது கார் டயரில் உள்ளதைப் போல இருபது மடங்குக்கும் மேல். இவ்வளவு அழுத்தத்தையும் தடுத்து நிறுத்துபவை, துளையிடும் ஊசியைச் சுற்றியுள்ள சிறிய வாஷரும், வால்வு உடலைச் சுற்றிய ஓ-ரிங்குகள் எனும் ரப்பர் வளையங்களும், வால்வு மூடும்போது அழுந்தி அமரும் இருக்கையும்தான். ஓ-ரிங்குகள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் ஆனவை. எண்ணெய்ப் பசையின்றி நெடுநாள் கிடந்தால் அவை விறைத்துப்போகும். அழுந்திய வடிவத்திலேயே நின்றுவிட்டு, வாயு வரும்போது விரிந்து பள்ளத்தை அடைக்க மறுக்கும்.

முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள். பிஸ்டலில் குண்டு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, குழலின் வாயை ஆளில்லாத திசையில் வைத்துக் கவனியுங்கள். சீறல் கைப்பிடிக்குள்ளிருந்து வந்தால் ஊசியருகே உள்ள வாஷரைச் சந்தேகிக்கலாம். குழலின் வழியே வந்தால் வால்வு இருக்கையில் தூசு சிக்கியிருக்கலாம் அல்லது அது காய்ந்திருக்கலாம். மெதுவான கசிவென்றால், சோப்பு நீரைத் தூரிகையால் இணைப்புகளில் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்துவிட்டு, உடனே துடைத்துவிடுங்கள்.

அடுத்த குப்பியின் கழுத்து முனையில் இரண்டு சொட்டு எண்ணெய் வைத்துப் பொருத்துங்கள். ஊசி துளைத்ததும் வெளிப்படும் வாயு அந்த எண்ணெயைத் திவலைகளாக வால்வுக்குள் அடித்துச் செல்லும். நாம் பிரித்துத் தடவ முடியாத இடங்களுக்கெல்லாம் எண்ணெயைக் கொண்டுசேர்ப்பது அந்த வாயுதான் என்பதால், இதைவிட எளிய வழி வேறில்லை. குண்டில்லாமல் சில முறை விசையை இழுத்தால் வால்வு இருக்கையும் நனைந்துவிடும். இரண்டு குப்பிகளுக்குப் பிறகும் கசிந்தால், மேலும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காமல் சீல்களை மாற்றிவிடுங்கள். கசியும் குப்பியை வெறுங்கையால் மட்டும் பிடிக்காதீர்கள்; திரவம் ஆவியாகும்போது உலோகம் தோலைச் சுடுமளவுக்குக் குளிர்ந்துவிடும்.

கேள்வி: எந்த எண்ணெய்? என்னிடம் தையல் இயந்திர எண்ணெயும், துரு நீக்கும் ஸ்ப்ரேயும் இருக்கின்றன.

பதில்: ஸ்ப்ரேயை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். துருப்பிடித்த திருகைத் தளர்த்துவதற்கான அத்தகைய கரைப்பான் கலவைகள் பழைய மசகையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விடும்; சில வகை ரப்பரைக் கெடுக்கவும் செய்யும். தையல் இயந்திர எண்ணெய் நைட்ரைலுக்குப் பகையன்று. ஆனால் மிகவும் நீர்த்தது, சில சுடுதல்களிலேயே குழல் வழியே பறந்துவிடும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். இதற்கென்றே விற்கப்படும் எண்ணெய்களில் க்ராஸ்மன் நிறுவனத்தின் ‘பெல்கன்ஆயில்’ நெடுங்காலமாகப் பலரும் பயன்படுத்துவது. வழக்கமான பராமரிப்புக்குக் குப்பிக்கு ஒரு சொட்டு போதும். அதிகமானால் எண்ணெய் குழலில் படிந்து குறி அலையத் தொடங்கும். சுடும்போது குழல் வாயில் எண்ணெய் ஈரம் தெரிந்தால், கை தாராளமாகிவிட்டது என்று பொருள்.

கேள்வி: சுட்டு முடித்தபின் குப்பியை உள்ளேயே விட்டுவைக்கலாமா? ஒரு வாரம் கழித்துக் கழற்றியபோது ஓ-ரிங் பெரிதாகி, பள்ளத்துக்குள் திரும்ப நுழையவே மறுத்தது.

பதில்: உங்கள் ஓ-ரிங் கெட்டுவிடவில்லை; வாயுவை உறிஞ்சி உப்பியிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ரப்பருக்குள் எளிதில் கரையும். அழுத்தம் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். அழுத்தம் நீங்கியதும், சோடாவைத் திறந்ததும் பொங்குவதைப்போல, வெளியேறத் துடிக்கும். கழற்றிய வளையத்தைச் சுத்தமான துணியில் சில மணி நேரம் வைத்திருங்கள். பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அதன்பின் நகத்தால் லேசாக வளைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் கொப்புளமோ வெடிப்போ தெரிந்தால் அது திடீர் அழுத்தக் குறைவால் உள்ளுக்குள் கிழிந்தது. தயங்காமல் தூக்கி எறியுங்கள். பாலியூரித்தேன் வளையங்கள் இந்த உப்புதலை நன்றாகவே தாங்கும். உங்கள் பிஸ்டலுக்கு அதே அளவில் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

விட்டுவைப்பதா, கழற்றுவதா என்பதில் அனுபவசாலிகளிடையே ஓயாத வழக்கு உண்டு. அன்றே திரும்பச் சுடப்போகிறீர்கள் என்றால் விட்டுவைப்பதில் பெரிய தீங்கில்லை. நாட்கணக்கில் எடுத்துவைப்பதென்றால் காலிசெய்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி. மிச்ச வாயுவைப் பாதுகாப்பான திசையில் சுட்டுத் தீர்த்துவிட்டு, குப்பியை இறுக்கும் திருகை மிக மெதுவாகத் தளர்த்துங்கள்.

கேள்வி: திருகை எவ்வளவு இறுக்க வேண்டும்?

பதில்: சீறல் நின்றதும், அதற்குமேல் கால் சுற்று. வலுவைக் காட்டினால் வாஷர் நசுங்கி, நாளைய கசிவுக்கு இன்றே வழி செய்ததாகும்.

கேள்வி: இதே எண்ணெயை என் ஸ்பிரிங் ஏர் கன்னுக்கும், உயர் அழுத்தக் காற்றில் இயங்கும் ரைஃபிளுக்கும் போடலாமா?

பதில்: கூடாது. கார்பன் டை ஆக்சைடு எரிதலுக்குத் துணைபோகாத வாயு என்பதால் பெட்ரோலிய எண்ணெய் அங்கே சாதுவாக இருக்கிறது. ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் காற்றை நொடிப்பொழுதில் அழுத்திச் சூடாக்கும்போது, அங்குள்ள எண்ணெய் டீசல் இஞ்சினில் நடப்பதைப்போலவே தீப்பற்றி, சீலையே சிதைத்துவிடக்கூடும். 200 பார் அளவில் நிரப்பப்படும் காற்றுத் துப்பாக்கிகளில் ஆபத்து இன்னும் பெரிது. இவற்றின் காற்றறைகளுக்குச் சிலிக்கோன் வகை எண்ணெயோ கிரீஸோதான் பொருத்தம். ஆனால் சீலே சிலிக்கோன் ரப்பராக இருந்தால் அதையும் சிலிக்கோன் எண்ணெய் உப்பவைத்துவிடும் என்பதால், வாங்குமுன் கையேட்டில் சீல் எதனால் ஆனது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.