பழைய துப்பறியும் நாவல்: முதல் பதிப்பா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி: 1879 லண்டனில், ஆறு நாள் நடைப் போட்டியில் கொலை நடப்பதாக எழுதப்பட்ட நாவல் ஒன்றைப் பழைய புத்தகமாக வாங்கினேன். பிரிட்டனில் அச்சான கெட்டி அட்டைப் பிரதி. உள்ளே 1970 என்று இருக்கிறது. முதல் பதிப்புதானா? வீரர்களுக்கு ஸ்டிரிக்னின் என்ற நச்சு மருந்தைக் கொடுப்பதாக வருவது கற்பனையா?

பதில்: 1970 என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காப்புரிமை ஆண்டு மறு அச்சுகளிலும் மாறாமல் வரும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில், முதல் வெளியீட்டு ஆண்டுக்குக் கீழே மறு அச்சு ஆண்டுகள் இல்லையென்றால் நல்ல அறிகுறி. சில பதிப்பகங்கள் 1 முதல் 10 வரை எண் வரிசை போடும். அதில் மிஞ்சியிருக்கும் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் புத்தகங்கள் பலவற்றில் இது இருக்காது, கவலைப்பட வேண்டாம்.

அடுத்து மேலுறை, அதாவது கெட்டி அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் காகித உறை. என்னைக் கேட்டால் இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்பக்க உள்மடிப்பில் விலை இருக்கும். பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது 1971 பிப்ரவரி 15இல். ஆகவே பழைய நாணயமான ஷில்லிங்கில் விலை இருந்தாலோ, பழையதும் புதியதுமாக இரண்டு விலை இருந்தாலோ 1970க்குப் பொருந்தும். புது நாணயத்தில் மட்டும் இருந்தால் மேலுறை பிறகு வந்ததாக இருக்கலாம். விலையே அச்சாகவில்லை என்றால் புத்தகக் கழகப் பதிப்பா (கழக உறுப்பினர்களுக்கென்று மலிவாக அச்சிட்டது) என்று சந்தேகப்படுங்கள். அவற்றுக்கு மதிப்பு குறைவு. ஆனால் 'காலின்ஸ் கிரைம் கிளப்' என்று போட்ட புத்தகம் கிடைத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். அது 1930இல் தொடங்கிய பதிப்பக வரிசை, புத்தகக் கழகம் அல்ல.

ஸ்டிரிக்னின் விஷயம் கற்பனை இல்லை. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸுக்கு உதவியாளர்கள் வழியிலேயே ஸ்டிரிக்னினும் முட்டை வெள்ளைக்கருவும் பிராந்தியும் கொடுத்தார்கள். தங்கமும் வென்றார். நரம்புகளின் கட்டுப்பாட்டை இந்த மருந்து தளர்த்திவிடுவதால், கொஞ்சமாகக் கொடுத்தால் தசைகள் முறுக்கேறும். அளவு கூடினால் வலிப்பு வந்து, மூச்சுத் தசைகள் இறுகி உயிர் போகும். ஊக்க மருந்தும் விஷமும் ஒரே புட்டியில்! துப்பறியும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் ஏது? போட்டியும் நிஜம்தான். ஞாயிற்றுக்கிழமை கேளிக்கை கூடாது என்பதால்தான் ஆறு நாள். 1878 மார்ச்சில் இஸ்லிங்டன் அக்ரிகல்ச்சுரல் ஹாலில் டேனியல் ஓ'லியரி 520 மைல் கடந்து, இந்தப் போட்டியின் பரிசான ஆஸ்ட்லி பெல்ட்டை வென்றார்.

அப்புறம், பக்க எண்களை ஒருமுறை கடைசிவரை புரட்டிப் பாருங்கள். துப்பறியும் நாவலில் இறுதி அத்தியாயத்தில் ஒரு தாள் போனால் எல்லாமே போச்சு. மேலுறை கிழிந்திருந்தாலும் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுப்பேறி நிரந்தரக் கறையாகிவிடும். கிழிசலை அப்படியே விட்டு, வெளியே தெளிவான பிளாஸ்டிக் உறை போட்டால் போதும்.