டிக்காவா, ஹோவாவா? முதல் வேட்டைத் துப்பாக்கி வாங்குபவருக்கு

கேள்வி: நியூசிலாந்தில் ஹாமில்டனில் இருக்கிறேன். துப்பாக்கி உரிமம் கைக்கு வந்துவிட்டது. கூட வேலை செய்பவர்கள் கைமனாவா மலைக்காட்டுக்கு சிகா மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். இதுவரை அவர்கள் துப்பாக்கியில்தான் சுட்டுப் பழகினேன். சொந்தமாக, ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் வாங்க வேண்டும். ஒருவர் டிக்கா டி3எக்ஸ் லைட் என்கிறார், இன்னொருவர் ஹோவா 1500 போதும் என்கிறார். காலிபரும் (தோட்டா அளவும்) .308, 7மி.மீ.-08, 6.5 க்ரீட்மோர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் உயரம் 163 செ.மீ. எதை வாங்கலாம்?

பதில்: கடைசியில் போகிற போக்கில் உயரத்தை எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு அதுதான் முக்கியம்.

முதலில் குறி பிசகாமை. கடைக்காரர்கள் அரை மணி நேரம் பேசுவது இதைத்தான், உங்களுக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுவதும் இதுதான். பின்லாந்தின் சாக்கோ ஆலையில் வரும் டிக்காவும் சரி, ஜப்பானின் ஹோவாவும் சரி, தனக்குப் பிடித்த தோட்டா கிடைத்தால் 100 மீட்டரில் மூன்று குண்டுகளை ஒரு அங்குலத்தையொட்டிப் போட்டுவிடும். மானின் நெஞ்சில் நாம் குறிவைக்கும் இடமோ ஒரு சின்னத் தட்டு அளவு. பீச் மரக்காட்டுக்குள் சிகா எதிர்ப்படும் தூரம் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள். துப்பாக்கி தவறவிடாது, நாம்தான் தவறவிடுவோம்.

அதனால் தோளில் வைக்கும் கட்டையைப் பாருங்கள். பெரும்பாலான துப்பாக்கிகளில் டிரிக்கரிலிருந்து கட்டையின் பின்முனை வரை சுமார் 35 செ.மீ. இருக்கும். கை நீளம் குறைந்தவர் அதைத் தோளில் ஏற்றினால் கழுத்தை நீட்டித்தான் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) பார்க்க முடியும். கன்னம் கட்டையில் சரியாகப் பதியாது. அப்படி எட்டிப் பார்த்துச் சுட்ட உதையில் ஸ்கோப் பின்னால் வந்து இடித்து என் வலப்புருவத்தில் அரை அங்குலத் தழும்பு ஒன்று இருக்கிறது. கட்டை நீண்ட ஒரு .30-06 துப்பாக்கி கொடுத்த பரிசு. கடையில் மெல்லிய சட்டையோடு பார்த்து வாங்கி, மலையில் தடித்த ஜாக்கெட்டோடு தோளில் வைத்தால் இன்னும் இரண்டு செ.மீ. நீளம் கூடிவிடும். ஜாக்கெட்டை எடுத்துப் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப் வட்டம் முழுதாகத் தெரிந்தால் அது உங்கள் அளவு. ஓரத்தில் கறுப்பு நிழல் ஓடினால் இல்லை.

அடுத்தது எடை. டி3எக்ஸ் லைட் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஹோவா 1500 மாடலைப் பொறுத்து மூன்றரையை ஒட்டி வரும். அரை கிலோதானே என்று கடையில் தோன்றும், மூன்றாவது மேட்டில் அப்படித் தோன்றாது. ஆனால் எடைக்கு ஒரு நன்மை உண்டு: கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும். இங்கே இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். நியூசிலாந்தில் சைலன்சர் சாதாரணப் பொருள், கட்டாயம் போடுங்கள். .308-இன் வெடிச்சத்தம் 160 டெசிபெல்லைத் தொடும், காதைக் கெடுக்க 140 போதும். சைலன்சர் உதையையும் தணிக்கும். அதற்குக் கொடுக்கும் விலை நீளம்தான். லைட் மாடலின் குழல் 57 செ.மீ. சைலன்சரையும் மாட்டினால் மொத்த நீளம் ஒன்றே கால் மீட்டர் ஆகிவிடும். புதருக்குள் நுழையும்போது ஒவ்வொரு கிளையும் அதைப் பிடித்து இழுக்கும்.

ஹோவாவுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். அதன் சேஃப்டிக்கு (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டுக்கு) மூன்று நிலைகள். நடு நிலையில் டிரிக்கர் பூட்டியிருக்கும்போதே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம். டிக்காவில் இரண்டே நிலைகள். சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், தோட்டாவை வெளியே எடுக்க சேஃப்டியை விடுவித்தே ஆகவேண்டும். புதியவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. மேகசின் எனும் தோட்டாப் பெட்டியில் தோட்டா இருக்கலாம், குழலுக்குள் ஏற்றுவது மானைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் என்ற பழக்கம் வந்துவிட்டால் இந்தக் குறை பெரிதாக உறுத்தாது. டிக்காவின் போல்ட் 70 டிகிரி தூக்கினாலே திறந்துவிடும், வெண்ணெயில் கத்தி போல ஓடும். ஹோவாவுடையது 90 டிகிரி. டிக்காவின் மேகசின் தனியாகக் கழலும் பிளாஸ்டிக் பெட்டி, மூன்று தோட்டா பிடிக்கும். காட்டில் அதைத் தொலைத்தால் ஒவ்வொன்றாகக் கையால்தான் போட வேண்டும், உபரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

காலிபர் சண்டைக்கு நான் வரவில்லை. 1952-இல் வந்த .308-க்கும் 2007-இல் வந்த 6.5 க்ரீட்மோருக்கும் 200 மீட்டருக்குள் உள்ள வித்தியாசம் மானுக்குத் தெரியாது. உங்கள் தோளுக்குத் தெரியும். இலகுவான துப்பாக்கியில் .308 கொஞ்சம் முரட்டுத்தனம். அதே தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிச் செய்த 7மி.மீ.-08 மென்மையானது, சிகாவுக்குத் தாராளமாகப் போதும். சின்ன ஊர்க் கடைகளில் .308 அளவுக்கு வகைகள் கிடைக்காது, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: 7மி.மீ.-08 தோட்டா .308 துப்பாக்கிக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும், வெடித்தால் ஆபத்து. நண்பர்கள் .308 வைத்திருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே வேண்டாம்.

சரி, என் கையில் பணம் கொடுத்து வாங்கி வா என்றால்? உங்களுக்கு டிக்கா லைட்டும் இல்லை, ஹோவாவும் இல்லை. டி3எக்ஸ் காம்பாக்ட், 7மி.மீ.-08. அதே எந்திரம்தான், கட்டை குட்டை, குழல் 51 செ.மீ. கட்டை போதவில்லை என்றால் பின்னால் இணைப்புத் துண்டு பொருத்தி நீட்டிக்கொள்ளலாம். காசு இடித்தால் ஹோவா வாங்குங்கள், மீதியில் கட்டையைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதுவும் கௌரவமான முடிவுதான்.

வாங்கியதும் துப்பாக்கிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், 2023 ஜூனிலிருந்து அது சட்டம். அரசுக் காட்டுக்குள் போக இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் தேவை. ஊரில் மான் மேல் கை வைத்தால் ஜெயில் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அனுமதி இலவசம் என்பதே வியப்பு. இங்கே மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட விலங்கு, சிகா 1905-இல் வந்தது. இயற்கை எதிரியும் கிடையாது.

ஸ்கோப்பை 100 மீட்டரில் நான்கு செ.மீ. மேலே அடிக்கும்படி வையுங்கள், 180 மீட்டர் வரை கணக்குப் போடாமல் சுடலாம். மிச்சப் பணத்தில் நல்ல பைனாகுலர் ஒன்று. துப்பாக்கி ஸ்கோப்பால் புதரைத் துழாவுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கோப் திரும்பும் பக்கம்தான் குழலும் திரும்பியிருக்கும். ஏப்ரலில் ஆண் மான் கத்தும் பருவத்தில் வேட்டைக்காரர்களும் அதே குரலில் கத்தி மானை அழைப்பார்கள். அந்தப் புதருக்குப் பின்னால் கத்துவது உங்கள் நண்பராகவும் இருக்கலாம்.